புண்ணின் மேல் ஓர் ஏடு

சோமனூர்ப் பக்கத்துத் தறிக்குடோன்களில் நூல் அறுந்து போனால், தறி ஓட்டுகிறவர் தறியை நிறுத்துவார்; அறுந்த இழையின் இரு தலைப்பையும் பிடித்துக் கண் இமைக்கும் நேரத்தில் ஒரு முடிச்சுப் போடுவார்; மறுபடியும் தறி ஓடத் தொடங்கிவிடும். மனிதனுடைய தோல் அறுந்து போனால் அவ்வாறு முடிச்சுப் போட வெளியிலிருந்து ஒருவர் வரவேண்டியதில்லை. உடம்பே நெசவாளியாக மாறிவிடுகிறது. முதலில் இரத்தத்தை உறையச் செய்து பிளவை அடைக்கிறது. பிறகு வெள்ளை அணுக்களை அனுப்பி அழுக்கையும் கிருமியையும் அப்புறப்படுத்துகிறது. அதன் பின்னர் புதிய தசையையும் அதற்கு மேல் புதிய தோலையும் நெய்து முடிக்கிறது. நாம் செய்யவேண்டியது அந்த நெசவாளிக்கு இடைஞ்சல் செய்யாமல், வேலை நடக்கும் இடத்தைச் சுத்தமாக வைத்துக் கொடுப்பதுதான். இந்த எளிய உண்மையை மறந்துவிட்டு, புண்ணை ஆற்றியது இந்தத் தைலமா, அந்தப் பொடியா என்று நாம் தலைமுறை தலைமுறையாக வாதாடி வருகிறோம்.

இந்த வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் விஷயம், புண்ணின் மேல் ஒட்டுவதற்காக விஞ்ஞானிகள் செய்து பார்த்து வரும் ஒரு மெல்லிய ஏடு. பாலைக் காய்ச்சி ஆறவிட்டால் மேலே படிகிறதே, அந்த ஏட்டைப் போன்றதுதான் இதுவும். பிளாஸ்டிக்கினால் ஆனதன்று. கடற்பாசி, இறால் ஓடு, மாட்டுத் தோல், மரவள்ளிக் கிழங்கு முதலிய இயற்கைப் பொருள்களிலிருந்து எடுத்த பசையை மெல்லியதாக ஊற்றிக் காயவைத்துச் செய்வது. அந்தப் பசைக்குள்ளே நீலகிரித் தைலம், கிராம்புத் தைலம், துளசித் தைலம் போன்ற செடிச் சத்தான வாசனைத் தைலங்களைச் சிறு துளிகளாகப் பொதிந்து வைக்கிறார்கள். வேலை முடிந்ததும் இந்த ஏடு உடம்பிலேயே கரைந்தோ, மண்ணில் மக்கியோ போய்விடும். கேட்பதற்கு நம் பாட்டிமார்களின் கைவைத்தியம் நவநாகரிக உடை அணிந்து வந்தாற்போல் இருக்கிறதல்லவா? ஆனால் இரண்டுக்கும் இடையே ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்தைச் சொல்வதற்காகவே இத்தனை முன்னுரை.

புண்ணுக்குத் துணி கட்டும் வழக்கம் மிகப் பழையது. இப்போது நாம் ஆஸ்பத்திரிகளில் காணும் உறிஞ்சும் பஞ்சுக் கட்டு, 1880-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்து ரண வைத்தியர் ஜோசப் காம்ஜீ என்பவர் இரண்டு வலைத்துணிகளுக்கு நடுவே பஞ்சை வைத்துச் செய்ததிலிருந்து வளர்ந்தது. அதற்குச் சில வருஷங்களுக்கு முன், 1867-இல், ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு புண்களில் கிருமியை ஒழிக்கும் முறையைப் பிரகடனம் செய்திருந்தார். கிருமியைக் கொல்லும் மருந்து ஒன்று, சீழையும் நீரையும் உறிஞ்சும் துணி ஒன்று: இவ்விரண்டும் சேர்ந்தே புண் வைத்தியம் என்பது அந்தக் காலத்து முடிவு. நம் தமிழ்நாட்டில் இராஜபாளையத்துக்கு அருகிலுள்ள சத்திரப்பட்டி, இத்தகைய மருத்துவக் கட்டுத்துணியை நெய்வதற்கென்றே பெயர் பெற்ற ஊர். தேசத்தின் பல மூலைகளிலுள்ள ஆஸ்பத்திரிகளுக்கு அங்கிருந்து துணி போகிறது.

வலைத்துணியில் ஒரு குறை உண்டு. புண் பட்டவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். கட்டு மாற்றும் நாள் வந்துவிட்டால், புண்ணின் வேதனையை விடக் கட்டைப் பிரிக்கும் வேதனை பெரிதாகிவிடுகிறது. புண்ணிலிருந்து ஊறும் நீர் துணியின் கண்களுக்குள் புகுந்து உலர்ந்து, துணியும் தசையும் ஒன்றாய் ஒட்டிக்கொள்கின்றன. துணியைப் பிய்க்கும்போது உடம்பு அரும்பாடு பட்டு நெய்த புதிய தோலும் கூடவே பிய்ந்து வருகிறது. நேற்று நெய்ததை இன்று பிரிப்பது போன்ற காரியம் இது. குழந்தைகள் கட்டுக் கட்டும் அறையைக் கண்டாலே அலறுவது காரணமில்லாமல் அல்ல.

"புண்ணைக் காற்றாட விடு, உலர்ந்தால் ஆறிவிடும்" என்பது நம்மில் பலர் இன்னும் நம்புகிற உபதேசம். 1962-இல் ஜார்ஜ் விண்ட்டர் என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் இந்த உபதேசத்தைச் சோதித்துப் பார்த்தார். பன்றியின் முதுகில் ஆழமில்லாத சிறு புண்களை உண்டாக்கிச் சிலவற்றைக் காற்றில் உலர விட்டார். சிலவற்றை மெல்லிய பாலிதீன் தாளால் மூடினார். மூடிய புண்களின் மேல் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. காரணம் எளியது. உலர்ந்த புண்ணின் மேல் கெட்டியான பொருக்கு உண்டாகிறது. ஓரத்திலிருந்து நகர்ந்து வரும் தோல் அணுக்கள் அந்தப் பொருக்குக்கு அடியில் வழி தோண்டிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது. ஈரம் இருந்தாலோ அவை வழுக்கிக்கொண்டு சுலபமாக வந்து சேர்கின்றன. மறு வருஷமே மனிதர் தோலிலும் இது சோதிக்கப்பட்டு உறுதியாயிற்று. ஈரம் என்றால் சொதசொதப்பு அல்ல. விதைத்த மண்ணில் இருக்கும் பதம் போன்ற ஈரம். அந்தப் பதத்தைக் காப்பதற்குத்தான் ஏடு.

இதைப் படித்ததும் தீப்புண் பட்டவரை வாழையிலையில் கிடத்தும் நமது பழைய வழக்கம் நேயர்களுக்கு நினைவு வரலாம். நினைவு வருவது நியாயமே. வாழையிலை வழுவழுப்பானது; புண்ணில் ஒட்டாது; ஈரத்தைக் காக்கும்; குளிர்ச்சி தரும்; தூர எறிந்தால் மக்கிப் போகும். பம்பாயில் சயான் ஆஸ்பத்திரியில் ரண வைத்தியராயிருந்த டாக்டர் மாதுரி கோரே, வாழையிலையை முறைப்படி கிருமி நீக்கம் செய்து, தீப்புண்களின் மேலும், தோல் ஒட்டுவதற்காகத் தோல் எடுத்த இடங்களின் மேலும் கட்டிப் பார்த்தார். அதன் பலன்கள் 2003-இல் தீப்புண் வைத்தியத்துக்கான சர்வதேசப் பத்திரிகையில் வெளிவந்தன. வாஸலின் தடவிய வலைத்துணியோடு ஒப்பிட்டதில் வாழையிலைக் கட்டு வலியைக் குறைத்தது. செலவோ மிகச் சொற்பம். இதில் நாம் கவனிக்க வேண்டியது வாழையிலையின் பெருமை மட்டுமல்ல. தோட்டத்து இலையை அப்படியே கொண்டுவந்து அவர் போட்டுவிடவில்லை. கிருமி நீக்கினார், எத்தனை நோயாளிக்கு எத்தனை நாளில் ஆறிற்று என்று எண்ணினார், வேறொரு கட்டோடு ஒப்பிட்டார், எழுதி வெளியிட்டார். வழக்கம் விஞ்ஞானமாவது இந்த நான்கு படிகளில்தான்.

இனி, ஏடு செய்யும் விதத்தைப் பார்ப்போம். இதைப் புரிந்துகொள்ளச் சோமனூர்க்காரர்களுக்கு அதிகப் பிரயாசை வேண்டாம். பாவு நூலுக்குக் கஞ்சி போடுவது எதற்கு? கஞ்சி உலர்ந்து நூலைச் சுற்றி ஒரு மெல்லிய படலமாகப் படிந்து, தறியின் உராய்வில் நூல் பிசிறாமல் காக்கிறது. சைசிங் சாலைகளில் கஞ்சிக்குப் பயன்படும் மாவுப் பசையும், பாலிவினைல் ஆல்கஹால் என்னும் பசையுமே, சுத்தம் செய்த நிலையில், புண் ஏட்டு ஆராய்ச்சியிலும் பயன்படுகின்றன. நம் வீட்டு ஸ்திரீகளுக்கோ இன்னும் சுலபமாக விளங்கும். கூழ் காய்ச்சித் துணியில் மெல்லியதாக ஊற்றி வற்றல் போடுவதில்லையா? அதே காரியந்தான். பசையை நீரில் கரைத்து, தட்டையான தட்டில் ஒரே கனமாகப் பரப்பி, நீரை ஆவியாகப் போகவிட்டு, படிந்ததை உரித்தெடுத்தால் ஏடு. ஆனால் வெறும் பசை உலர்ந்தால் அப்பளம் போல் நொறுங்கும். ஆகவே சிறிது கிளிஸரின் சேர்ப்பார்கள். அப்போது முழங்கையிலும் முழங்காலிலும் ஒட்டினாலும் ஏடு வளைந்து கொடுக்கும்.

பசைக்கு வேண்டிய சரக்குகள் நம் ராஜ்யத்திலும் அக்கம்பக்கத்திலும் கிடைப்பவையே. மன்னார் வளைகுடாவில் விளையும் பழுப்புக் கடற்பாசிகளிலிருந்து ஆல்ஜினேட் என்ற பசை கிடைக்கிறது. ஸ்டான்போர்டு என்ற பிரிட்டிஷ் ரசாயன சாஸ்திரி இதை 1880-களில் கண்டெடுத்தார். சுண்ணாம்புச் சத்தோடு இது சேர்ந்தால் கெட்டிப்படும். புண்ணின் நீரிலுள்ள உப்புச் சத்து அந்தச் சுண்ணாம்பின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது மறுபடி குழைந்து கூழாகும். கட்டைப் பிரிக்கும்போது பிய்க்க வேண்டியதில்லை. உப்பு நீரால் கழுவினால் போதும். இறால், நண்டு ஓடுகளிலிருந்து கைட்டோசன் கிடைக்கிறது. இரத்தம் உறைவதற்கு உதவுவதும், சில கிருமிகளைத் தடுப்பதும் அதன் குணம். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம், வீணாய்ப் போகும் இறால் ஓட்டிலிருந்து இதை எடுக்கும் முறையை வகுத்திருக்கிறது. சென்னை அடையாற்றில் 1948-இல் அமைந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், மாட்டுத் தோலிலுள்ள கொலாஜன் என்னும் புரதத்தைக் கொண்டு தீப்புண்ணுக்கான ஏடு செய்யும் வழியைக் கண்டது. அந்த வகை ஏடு ஆஸ்பத்திரிகளில் உபயோகத்துக்கும் வந்துவிட்டது. சேலத்து மரவள்ளி மாவைச் சொல்லவே வேண்டாம். பஞ்சாலைகளின் கழிவுப் பஞ்சையுங்கூட ரசாயன முறையில் நீரில் கரையும் பசையாக்கலாம்.

இப்போது தைலத்துக்கு வருவோம். செடிகள் வாசனைத் தைலத்தை நமக்காகச் சுரப்பதில்லை. பூச்சியும் பூஞ்சையும் தங்களைத் தின்னாதிருக்கவே சுரக்கின்றன. ஓமத்திலுள்ள தைமாலும், கிராம்பிலும் துளசியிலும் உள்ள யூஜினாலும், நீலகிரித் தைலத்திலுள்ள சினியோலும் கொழுப்பில் கரையும் இயல்புள்ளவை. கிருமியின் மேலுறை கொழுப்பினால் ஆனது. தைலத் துளி அந்த உறைக்குள் புகுந்து அதை ஓட்டையாக்க, உள்ளிருப்பது வெளியே கசிந்து கிருமி மடிகிறது. ஒரே மருந்துக்குப் பழகித் திமிர் பிடித்த கிருமிகள் பெருகிவரும் இக்காலத்தில், வேறொரு வழியில் தாக்கும் பொருள் ஏதேனும் கிடைத்தால் அதை ஆராயாமல் விடலாகாது என்பதே விஞ்ஞானிகள் இதில் இறங்கியதற்குக் காரணம்.

ஆனால் இதே காரணத்தில்தான் அபாயமும் இருக்கிறது. நம் உடம்பின் அணுக்களுக்கும் மேலுறை கொழுப்பினால் ஆனதே. கிருமியைக் கொல்லும் தைலம் அளவு மீறினால், புதிதாய்த் தோல் நெய்து கொண்டிருக்கும் அணுவையும் கொன்றுவிடும். பல் வலிக்குக் கிராம்புத் தைலம் வைத்து ஈறு வெந்து போனவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. காற்றுப்பட்டுப் பழசான தைலம் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். ஆகவே ஏட்டின் சாமர்த்தியம் தைலத்தைச் சேர்ப்பதில் இல்லை. அதைச் சிறிதளவாகக் கட்டிவைத்து, நாள் முழுவதும் கொஞ்சங் கொஞ்சமாக விடுவதில் இருக்கிறது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாதென்பது பழமொழி. அவற்றைக் கூழ்மமாக்கி, துளிகள் ஒன்றோடொன்று சேராமல் ஏட்டுக்குள் சிறைப்படுத்த வேண்டும். வெயிலில் காயவைத்தால் தைலம் காற்றோடு போய்விடும். சூட்டில் கிருமி நீக்கினாலும் போய்விடும். வற்றல் போடுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தொடங்குகிறது.

"ஏனுங்க, எங்க ஆத்தா மஞ்சத்தூளையும் எண்ணெயையும் வெச்சே எத்தனையோ புண்ண ஆத்தியிருக்குதுங்களே, இதுக்கு எதுக்குங்க இத்தனை பாடு?" என்று கொங்கு நாட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டால் நாம் என்ன பதில் சொல்லுவது? ஆத்தா ஆற்றியதை நாம் மறுக்க வேண்டாம். மஞ்சளில் குணம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான சிறு புண்கள், கழுவிச் சுத்தமாக வைத்தாலே தாமாக ஆறிவிடும் என்பதும் உண்மை. எந்தப் புண்ணை மஞ்சள் ஆற்றிற்று, எந்தப் புண் தானே ஆறிற்று என்று ஆத்தா கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஆறாத புண்ணைப் பற்றி யாரும் கதை சொல்லுவதுமில்லை. அம்மியும் உரலும் சந்தை மஞ்சள் தூளும் கிருமியில்லாதவை அல்ல. சாணமும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகளில் வில்வாத ஜன்னி வந்து மாண்டவர்கள் எத்தனையோ பேர். கைவைத்தியத்தில் நல்லதும் கெட்டதும் ஒரே கூடையில் கிடக்கின்றன. பிரித்தெடுக்க ஒரு சல்லடை வேண்டும். அந்தச் சல்லடைக்குப் பெயர்தான் பரிசோதனை.

மஞ்சளைப் பற்றிய ஒரு வழக்கு நம் தேசத்தாருக்கு மறக்கக் கூடாத பாடம். 1995-ஆம் வருஷத்தில் அமெரிக்க சர்க்கார், மஞ்சளைப் புண் ஆற்றுவதற்குப் பயன்படுத்தும் உரிமைக்கான பேட்டண்டை மிஸிஸிபி சர்வகலாசாலையின் வைத்தியப் பகுதிக்கு வழங்கிற்று. விண்ணப்பித்த இருவரும் இந்திய வம்சத்தவர்களே என்பது இதில் ஒரு விநோதம். நம் நாட்டு விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சி மன்றம், டாக்டர் மஷேல்கர் தலைமையில், 1996-இல் அதை எதிர்த்து மறுபரிசீலனை கோரிற்று. "எங்கள் பாட்டிக்குத் தெரியும்" என்ற வாதம் அங்கே எடுபடாது. எழுத்தில் இருக்கவேண்டும்; பேட்டண்டு தேதிக்கு முந்தியதாக இருக்கவேண்டும். மன்றத்தார் முப்பத்திரண்டு ஆதாரங்களைத் தேடிக் கொடுத்தார்கள். சமஸ்கிருதம், உருது, ஹிந்தி மொழிகளிலுள்ள பழைய ஏடுகள் அவற்றில் இருந்தன. 1953-இல் இந்திய வைத்தியச் சங்கத்தின் பத்திரிகையில் வெளிவந்த ஒரு கட்டுரையும் இருந்தது. 1997-இல் பேட்டண்டின் உரிமைகள் தள்ளுபடியாயின. இதையொட்டிய அநுபவமே 2001-இல் நமது பாரம்பரிய வைத்திய அறிவைப் பல உலக மொழிகளில் பதிவு செய்யும் மின்நூலகம் தொடங்குவதற்குக் காரணமாயிற்று.

இந்த வெற்றியை நாம் கொண்டாடியது சரியே. ஆயினும் அதன் உள்ளர்த்தத்தை யோசிக்க வேண்டும். மஞ்சளை நமக்குக் காப்பாற்றித் தந்தது நாம் அதைப் பூசிக்கொண்ட ஆயிரம் வருஷம் அல்ல. யாரோ சிலர் அதைப் பற்றி எழுதி வைத்ததுதான். மேலும், பேட்டண்டைத் தடுத்தது ஒரு காரியம். மஞ்சளிலிருந்து சோதித்துத் தேர்ந்த ஒரு நல்ல புண் மருந்தைச் செய்து ஏழை ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பது வேறு காரியம். முன்னதை வக்கீலும் நூலகமும் செய்து விடலாம். பின்னதற்கு ஆய்வுச்சாலையும் பொறுமையும் வேண்டும். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் நமதென்று நிலைத்தது. அந்தப் பெயருக்குத் தக்க காரியம் இன்னும் பாக்கியிருக்கிறது.

இங்கே சுதேசியம் என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'நீலகிரித் தைலம்' என்று நாம் உரிமையோடு சொல்லுகிற தைலத்தின் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது; பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் நீலகிரியில் நட்டது. வேலியோரத்தில் முளைத்து, கிராமத்துப் பிள்ளைகள் கசக்கிக் காயத்தில் பிழிகிற வெட்டுக்காயப் பூண்டோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் நாட்டு மண்ணும் நம் ஜனங்களின் கையும் அவற்றைச் சொந்தமாக்கிக்கொண்டன. ஆகவே ஒரு மருந்து நமதாவது அது எங்கே முளைத்தது என்பதனால் மட்டுமல்ல. யார் அதைச் சோதித்தறிந்து உபயோகிக்கிறார்கள் என்பதனால்.

சோதனை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? உள்ளதைச் சொல்ல வேண்டும். தைலம் சேர்த்த ஏடுகளைப் பற்றி உலகெங்கும் ஏராளமான கட்டுரைகள் வந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்த்து, அதன் நடுவே ஏட்டுத் துண்டை வைத்து, சுற்றிலும் கிருமி செத்த வட்டம் எத்தனை அகலம் என்று அளந்ததோடு நின்றுவிட்டன. சில, எலி முயல்களின் புண்வரை போயிருக்கின்றன. மனிதர் புண்ணில் முறையாகச் சோதித்தவை மிகக் குறைவு. கண்ணாடித் தட்டில் சீழ் இல்லை, இரத்த ஓட்டம் இல்லை, வலியும் இல்லை. தட்டில் வென்ற மருந்தெல்லாம் புண்ணில் வெல்வதாயிருந்தால் ஆஸ்பத்திரிகளுக்கு வேலையே இருக்காது. எனவே, 'மூலிகைத் தைல ஏடு' என்று அழகான உறையில் ஏதேனும் கடைக்கு வந்தால், விளம்பரத்தை மட்டும் பார்த்து வாங்கிவிடாமல், அது 2017-ஆம் வருஷத்து மருத்துவக் கருவிகள் விதிகளின்படி அநுமதி பெற்றதா, கிருமி நீக்கப்பட்டதா, கெடு தேதி என்ன என்று பார்ப்பது குடும்பத் தலைவர்களின் கடமை.

இத்தகைய சோதனைக்கு வேண்டிய இடம் சோமனூருக்கு வெகு தொலைவில் இல்லை. கோயமுத்தூரில் 1956-இல் பஞ்சாலைக்காரர்கள் கூடி அமைத்த தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் இருக்கிறது. 'சிட்ரா' என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மருத்துவத் துணிகளுக்கென்று தனிச் சிறப்பு மையம் ஒன்று அங்கே நடைபெறுகிறது. 2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில் டாக்டர்களும் தாதிமார்களும் அணியும் காப்புடைகளைச் சோதித்துச் சான்று கொடுத்த பெருமை அந்த மையத்துக்கு உண்டு. ஆராய்ச்சிச்சாலை, கல்லூரிகள், பேர்பெற்ற ஆஸ்பத்திரிகள், பஞ்சு, மஞ்சள், மலைத்தைலம் இத்தனையும் ஒரு நாள் பிரயாணத்துக்குள் அடங்கிய பிரதேசம் இது.

அப்படியானால் சோமனூர்த் தறிகளுக்கு இதனால் வாழ்வு வருமா? இந்தக் கேள்வி இந்த ஊரில் எழாமல் இராது. கூலிக்கு நெய்யும் தறிக்காரர்கள் கூலி உயர்வு கேட்டு 2022-ஆம் வருஷத் தொடக்கத்தில் வாரக்கணக்கில் தறிகளை நிறுத்தினார்கள். 2025-இலும் அப்படியே நிறுத்த நேர்ந்தது. காடாத் துணியை மட்டும் நம்பிய பிழைப்பில் பேரம் பேசும் பலம் குறைவு. ஆனால் வீண் ஆசையையும் நாம் ஊட்டக்கூடாது. ஏடு தறியில் நெய்வதன்று, தட்டில் ஊற்றுவது. அது பெருகினால் தறிக்கு நேராக வேலை வராது. ஏட்டுக்கு மேலே வைக்கும் உறிஞ்சு துணி, அதைப் பிடித்து நிறுத்தும் கட்டு, ஏட்டுக்குப் பின்புறம் தாங்கலாக அமையும் மெல்லிய நெசவு: இவை துணியாகவே இருக்கவேண்டும்; அவற்றுக்குச் சுத்தமும் ஒரே சீரும் வேண்டும். தூசி பறக்கும் குடோனில் அந்த வேலை நடவாது. சில தறிக்காரர்களாவது கூட்டாகச் சேர்ந்து, சுத்தமான கொட்டகையும் சலவையும் சோதனையும் உள்ள ஒரு மருத்துவத் துணிச் சாலையை ஏற்படுத்திக்கொண்டால், சத்திரப்பட்டிக்கு அமைந்தது சோமனூருக்கும் அமையலாம். அதற்கு முதலும் சர்க்காரின் கையும் வேண்டும்.

'மக்கும்' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு விளக்கம் அவசியம். ஆஸ்பத்திரியில் சீழும் இரத்தமும் பட்ட கட்டை மண்ணில் மக்க விடுவதில்லை. 2016-ஆம் வருஷத்து மருத்துவக் கழிவு விதிகளின்படி அது மஞ்சள் பையில் போய், பெரும்பாலும் உலையில் எரிக்கப்படுகிறது. ஆகவே ஏடு மக்குவதனால் ஆஸ்பத்திரிக் குப்பை ஒழிந்துவிடும் என்பது மிகைப்பேச்சு. மக்கும் குணத்தின் உண்மையான லாபம் வேறு. உடம்புக்குள்ளேயே அது தீங்கின்றிக் கரையும். ஆகவே பிய்க்க வேண்டாம். பிய்க்காவிட்டால் வலி இல்லை, புதுத் தோலுக்குச் சேதமில்லை, கட்டு மாற்றத் தினந்தோறும் ஆஸ்பத்திரிக்கு அலைந்து கூலியை இழக்க வேண்டியதுமில்லை. நாட்கூலிக் குடும்பத்துக்கு இந்தக் கடைசி லாபமே பெரிது.

யாருக்காக இத்தனையும்? நாடா தெறித்து நெற்றியில் பட்ட காயம் ஒரு வாரத்தில் ஆறிவிடும். ஆறாத புண் ஒன்று நம் வீடுகளில் ஓசையின்றிப் பெருகி வருகிறது. இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு கூறுகிறது. நீரிழிவு முற்றினால் காலில் உணர்ச்சி மழுங்கும். முள் குத்தினாலும் செருப்புக் கடித்தாலும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைவதால் புண் ஆறாது. பகல் முழுதும், இரவு ஷிப்டிலும், தறிக்கு முன்னால் நின்றே பிழைக்கிறவர்களின் கால் இது. சிறு கொப்புளத்தை அலட்சியம் செய்து, கண்ட தைலத்தைத் தடவி, மாதக்கணக்கில் கடத்தி, கடைசியில் விரலையோ காலையோ இழந்து வருகிறவர்களை ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரியிலும் பார்க்கலாம். ஒரு கால் போனால் ஒரு குடும்பத்தின் தறி நிற்கிறது. இவர்களுக்கு மலிவான நல்ல ஏடு ஒன்று கிடைத்தால் அது பெரிய உபகாரம். ஆனாலும் ஏடு மட்டும் போதாது. சர்க்கரை அடங்க வேண்டும். புண் பட்ட காலின் மேல் பாரம் ஏறாமல் பார்க்க வேண்டும். டாக்டர் பார்க்க வேண்டும்.

ஆகவே, நல்ல ஏடு வரும்வரை வீட்டில் செய்யத்தக்கவற்றைச் சொல்லி முடிக்கிறேன். சிறு காயமானால் ஓடும் சுத்த நீரில் நன்றாகக் கழுவுங்கள். சுத்தமான துணியால் அழுத்தி இரத்தத்தை நிறுத்துங்கள். ஒட்டாத கட்டால் மூடுங்கள். காப்பித் தூள், சாம்பல், சுண்ணாம்பு, சாணம் எதுவும் வேண்டாம். தீப்புண்ணானால் இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். மையும் பற்பசையும் பூசாதீர்கள். புட்டியிலுள்ள வாசனைத் தைலத்தை நேராகப் புண்ணில் ஊற்றாதீர்கள். மணம் நல்லதாயிருப்பதனால் குணமும் நல்லதாகிவிடாது. வில்வாத ஜன்னித் தடுப்பூசி போட்டு எத்தனை வருஷமாயிற்று என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். சீழ், காய்ச்சல், சுற்றிலும் சிவந்து பரவுதல், துர்நாற்றம் இவற்றில் எது கண்டாலும் அன்றே வைத்தியரிடம் போங்கள். வீட்டில் நீரிழிவுக்காரர் இருந்தால், இரவு படுக்குமுன் அவருடைய உள்ளங்காலை வீட்டிலுள்ள மற்றொருவர் விளக்கடியில் பார்ப்பது வழக்கமாகட்டும். பேரனோ பேத்தியோ பார்க்கலாம். அதற்குப் பட்டம் வேண்டாம்.

நம் முன்னோர்கள் மஞ்சளையும் வாழையிலையையும் ஓமத்தையும் நமக்கு ஆஸ்தியாக வைத்துப் போனார்கள். ஆஸ்தியைப் பெட்டியில் பூட்டிவைத்து அதன் பெருமையைப் பேசிக்கொண்டிருப்பவன் பிள்ளையல்ல. அதை எண்ணிப் பார்த்து, செல்லுங்காசு எது, செல்லாக்காசு எது என்று பிரித்து, செல்லுங்காசைத் தொழிலில் போட்டுப் பெருக்குகிறவனே பிள்ளை. அந்தக் கணக்கை இன்றைய தினம் எழுதவேண்டியவர்கள் நம் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளும் பெண்களும். அவர்கள் எழுதுவது தட்டில் தெரியும் வட்டத்தோடு நின்றுவிடாமல், தறியடியில் நிற்கிறவரின் காலடிவரை வந்து சேரட்டும்.